அப்பாவின் ஃப்ளாப்பிகளில் இருக்கும் தமிழை மாக்கிலிருந்து விண்டோஸுக்கு எப்படிக் கொண்டுவருவது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அப்பா நடத்திய சிறு பத்திரிகையின் 1994 முதல் 1999 வரையிலான இதழ்கள் 22 ஃப்ளாப்பிகளில் இருக்கின்றன. எல்லாம் பழைய மாக்கின்டோஷில் செய்தவை. நீங்கள் யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி விண்டோஸ் லேப்டாப்பில் செருகிப் பார்த்தபோது, டிஸ்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்கிறது. 2001இல் அந்த மாக்கை விற்பதற்கு முன் உங்கள் அண்ணன் சில கோப்புகளை மாக்கிலேயே பி.சி.க்கான டாஸ் வடிவ ஃப்ளாப்பிகளில் நகலெடுத்து வைத்திருக்கிறார். அவை விண்டோஸில் திறக்கின்றன, ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வினோதக் குறிகள் நிற்கின்றன. எழுத்துருக் கோப்பின் அளவு பூஜ்ஜியம் பைட் என்று காட்டுகிறது. எந்த மென்பொருளைப் போட்டால் தமிழ் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன. டிஸ்கில் இருக்கும் பைட்டுகளை அப்படியே வெளியே எடுப்பது முதல் வேலை. அவற்றை எதுவும் மாறாமல் புதிய கணினிக்குக் கொண்டுவருவது இரண்டாவது. அந்த பைட்டுகளைத் தமிழாக வாசிப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே மென்பொருளிடம் ஒப்படைத்ததால் வீணாய்ப்போன தமிழ்க் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1992இல் டி.டி.பி. எனும் கணினிவழிப் பக்க வடிவமைப்பு வேலைக்கு வந்தவன் நான். கடந்த பல ஆண்டுகளாகச் சிறு பதிப்பகங்களின் பழைய கோப்புகளை இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றித் தருவதுதான் என் தொழில். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். உங்கள் டிஸ்குகளை நான் பார்க்கவில்லை என்பதால், எது நிச்சயம், எது ஊகம் என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், ஃபார்மட் செய்யட்டுமா என்ற கேள்விக்கு எக்காரணம் கொண்டும் சம்மதம் சொல்லாதீர்கள். டிஸ்க் கெட்டுப்போயிருந்தால்தான் அப்படிக் கேட்கும் என்பதில்லை. மாக் டிஸ்குகளில் இருப்பது எச்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆகவே காலி டிஸ்க் என்று எடுத்துக்கொள்கிறது. இன்றைய மாக்கைக் கடன் வாங்கினாலும் பயனில்லை. 2009இல் வந்த மாக் இயக்க முறையின் 10.6 பதிப்பிலேயே ஆப்பிள் இந்தப் பழைய முறையில் எழுதும் வசதியை எடுத்துவிட்டது. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பில் படிக்கும் வசதியும் போய்விட்டது.

இப்போது ஒரு டிஸ்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலோக மூடி உங்களைப் பார்க்காமல் அப்பால் இருக்கும்படி பிடித்தால், உங்கள் பக்கத்து மூலைகள் இரண்டிலும் சதுரத் துளைகள் இருக்கின்றனவா, ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா? இரண்டு துளைகள் இருந்தால் அது 1.44 எம்.பி. டிஸ்க். இந்த வகையை மாக்கும் பி.சி.யும் ஒரே விதமாகத்தான் பதிவு செய்தன, எனவே நீங்கள் வாங்கிய டிரைவே போதும். ஒரே துளை இருந்தால் பெரும்பாலும் 800 கே டிஸ்க். அதில்தான் சிக்கல். அந்தக் கால மாக் டிரைவ், படிக்கும் தலை எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுழலும் வேகத்தையே மாற்றிக்கொள்ளும். வெளி வட்டங்களில் 12 பிரிவுகள், உள் வட்டங்களில் 8 பிரிவுகள் என்று எழுதும். கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. டிரைவ் எதுவும் இதைப் படிக்காது. கிரீஸ்வீசில் என்ற சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கிறது. சாதாரண பழைய பி.சி. டிரைவை அதனுடன் இணைத்தால், காந்தப் புலம் மாறுகிற இடங்களையெல்லாம் அப்படியே பதிந்துகொண்டு, பிறகு மென்பொருளால் பிரித்தெடுத்துவிடும். 1994க்குப் பிறகான வேலை என்பதால் உங்களுடையவற்றில் பெரும்பாலானவை இரண்டு துளை டிஸ்குகளாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

படிப்பதற்கு முன் இரண்டு காரியங்கள். துளைகளில் ஒன்றில் நகரும் சிறு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். துளை வழியாக வெளிச்சம் தெரியும்படி அதை நகர்த்திவிடுங்கள். அப்படிச் செய்தால் எந்தக் கணினியும் அந்த டிஸ்கில் எழுத முடியாது. அடுத்து, உலோக மூடியை விரலால் ஒதுக்கி உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டைப் பாருங்கள். வெண்புள்ளிகளோ சாம்பல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் இருபத்தைந்து ஆண்டு கிடந்த டிஸ்கில் பூஞ்சை வருவது சகஜம். அந்த டிஸ்கை டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு அந்தத் தகட்டைக் கீறும், அடுத்து போடும் நல்ல டிஸ்கையும் கெடுக்கும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல டிஸ்குகளை நேரடியாகத் திறந்து கோப்பு கோப்பாக நகலெடுக்க வேண்டாம். டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். பென் டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸ் இயக்க முறையை இயக்கி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் எடுப்பது என் வழக்கம். படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், மற்றவற்றை முடித்துவிட்டுத் திரும்ப வந்து முயலும். 1.44 எம்.பி. டிஸ்கின் பிம்பம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும், 800 கே டிஸ்க் என்றால் 8,19,200. ஒரு பைட் குறைந்தாலும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பழைய டிஸ்க் ஒன்று ஒரேயொரு முறைதான் ஒழுங்காகப் படிக்கும், மறுநாள் படிக்காது என்ற நிலையிலும் இருக்கலாம். அதனால் முதல் சுற்றிலேயே பிம்பம் கைக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு எல்லாப் பரிசோதனையையும் பிம்பத்தின் நகலில் செய்துகொள்ளலாம்.

அடுத்தது எழுத்துருக் கோப்பு ஏன் பூஜ்ஜியம் பைட் ஆனது என்பது. பழைய மாக்கில் ஒரு கோப்பு என்பது ஒரே பெயரில் இருக்கும் இரண்டு கிளைகள். ஒன்றில் தரவு இருக்கும், இன்னொன்றில் எழுத்துரு, சின்னங்கள் போன்ற வளங்கள் இருக்கும். கட்டுரைக் கோப்புக்குத் தரவுக் கிளை முக்கியம். எழுத்துருக் கோப்புக்கோ எல்லாமே வளக் கிளையில்தான் இருக்கும், தரவுக் கிளை காலி. டாஸுக்கும் விண்டோஸுக்கும் தெரிந்தது தரவுக் கிளை மட்டும். ஆகவே பூஜ்ஜியம்.

இந்த இடத்தில் நான் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். 1997இல் ஓர் அச்சகத்தின் மாக்கிலிருந்து ஒரு கவிதைத் தொகுப்பை பி.சி.க்குக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. கட்டுரைகளையும் எழுத்துருவையும் டாஸ் ஃப்ளாப்பியில் எடுத்தேன். பி.சி.யில் செருகி, கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டும் நகலெடுத்துவிட்டு, ஃப்ளாப்பி வேறு வேலைக்கு ஆகும் என்று அன்று மாலையே அழித்துவிட்டேன். அந்த மாக் பத்து நாளில் பழைய இரும்புக்குப் போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது: மாக் டாஸ் ஃப்ளாப்பியில் எழுதும்போது வளக் கிளையைத் தூக்கி எறிவதில்லை. ‘ரிசோர்ஸ்’ என்ற பெயரும் ‘எஃப்.ஆர்.கே.’ என்ற பின்னொட்டும் கொண்ட மறைக்கப்பட்ட அடைவு ஒன்றை உண்டாக்கி அதற்குள் வைத்துவிடும். எழுத்துரு முழுதாக அங்கேதான் இருந்தது. நான்தான் அதை அழித்தேன்.

அதனால் உங்கள் அண்ணன் நகலெடுத்த அந்த டாஸ் ஃப்ளாப்பிகள் இன்னும் வீட்டில் இருந்தால், அவைதான் இன்று உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து. அவற்றையும் பிம்பம் எடுங்கள். விண்டோஸில் மறைக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டு அந்த அடைவைத் தேடுங்கள். அது இருந்தால் எழுத்துரு கிடைத்துவிடும் என்று நம்பலாம். கணினிக்குள் ஏற்கெனவே நகலெடுத்த பூஜ்ஜியம் பைட் கோப்பிலிருந்து எதையும் மீட்க முடியாது, இது நிச்சயம்.

மாக் டிஸ்குகளின் பிம்பங்களிலிருந்து கோப்புகளை எடுக்க விண்டோஸில் எச்.எஃப்.வி. எக்ஸ்ப்ளோரர், லினக்ஸில் எச்.எஃப்.எஸ். யூட்டில்ஸ் என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. எப்படி எடுக்கட்டும் என்று இவை சில வழிகளைத் தரும். மாக்பைனரி என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். அது இரண்டு கிளைகளையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அப்படி எடுத்த எழுத்துருவை ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் திறந்து, விண்டோஸில் பயன்படும் ட்ரூடைப் கோப்பாக எழுதிக்கொள்ளலாம். கட்டுரைக் கோப்புகளைக் கூடுதலாக, தரவை மட்டும் அப்படியே தரும் வழியில் ஒரு முறை எடுத்து வையுங்கள். ‘உரை’ என்றோ ‘தானியங்கி’ என்றோ இருக்கும் வழிகளைத் தொடாதீர்கள்.

இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்க வேண்டாம் என்பதால், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோப்பில் ஒவ்வொரு குறியும் ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 128க்கு மேற்பட்ட எண்களில் எந்தக் குறி இருக்கும் என்பதில் மாக்கும் விண்டோஸும் வேறுபடும். பிரெஞ்சு மொழியில் வரும் கோடிட்ட ‘ஈ’ மாக்கில் 142, விண்டோஸில் 233. உரை என்று சொன்னால், கருவி உங்களுக்கு நல்லது செய்வதாக எண்ணி ஒவ்வோர் எண்ணையும் இந்த அட்டவணைப்படி மாற்றும். ஐரோப்பிய மொழிகளுக்கு அது சரி. பழைய தமிழ் எழுத்துருக்களோ அந்த எண்களையெல்லாம் தமிழ் எழுத்துகளுக்கு எடுத்துக்கொண்டவை. திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்து அட்டவணையில் ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 190 த, 193 ம, 162 இகரக் கொக்கி, 250 ழ். நான்கே பைட். இதை மாக் உரை என்று நினைத்து ஒரு கருவி விண்டோஸுக்கு மாற்றினால் 190 என்பது 230 ஆகும், 193 என்பது 161 ஆகும், 162 தப்பித்துக்கொள்ளும். 250 என்பது மாக் அட்டவணையில் தனியே மேலே நிற்கும் ஒரு புள்ளி. விண்டோஸ் அட்டவணையில் அதற்கு இடமே இல்லை. ஆகவே அது கேள்விக்குறி ஆகிவிடும். மற்ற மூன்றையும் கணக்குப் போட்டுத் திரும்ப மாற்றிவிடலாம். கேள்விக்குறியாகிப்போன ழ் திரும்பாது, ஏனென்றால் இடமில்லாத இன்னும் பல எழுத்துகளும் அதே கேள்விக்குறியாகத்தான் ஆகியிருக்கும். உங்கள் அப்பாவின் எழுத்துரு திஸ்கி என்று நான் சொல்லவில்லை. 128க்கு மேலே எழுத்துகளை வைத்த எந்த எழுத்துருவுக்கும் இந்த விபத்து நேரும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளில் சொற்களுக்கு நடுவே கேள்விக்குறிகள் தாறுமாறாகக் கிடந்தால், இந்த விபத்து நடந்துவிட்டது என்று பொருள். அந்த நகலை ஒதுக்கிவிட்டு மூல டிஸ்குக்கே போங்கள்.

இனி வாசிக்கும் வேலை. 1991இலேயே யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் இருந்தது என்றாலும், நம் கணினிகளில் அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. நடுவில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் எழுத்து அட்டவணை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டும் தமிழக அரசின் தரமாயின. இணையத்தில் திஸ்கி பரவியது. ஈழத்தமிழர்களிடையே பாமினி என்ற எழுத்துரு ஆழமாக வேரூன்றியது. உங்கள் கோப்பு எந்த வகை என்பதைத் திறந்த உடனே ஓரளவு ஊகிக்கலாம். முழுக்க முழுக்கச் சாதாரண ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பாமினியைப் போலத் தட்டச்சு விசைகளின் மீதே தமிழை ஏற்றிய வகை. பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் உட்காரும் புள்ளி. பின்னக்குறிகளும் தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் நிறைந்து தெரிந்தால் திஸ்கி, டாப் போன்ற வகை. அல்லது, பெயரே நினைவில்லாத ஏதோவொரு நிறுவனத்தின் சொந்த அட்டவணையாகவும் இருக்கலாம். 1994இல் ஒரு பத்திரிகை மாக்கில் அச்சேறியது என்றால் இந்தக் கடைசி வகைக்கே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் இந்த ஊகத்துக்கே தேவை இருக்காது. கோப்பு வேர்டு, கிளாரிஸ்ஒர்க்ஸ், மாக்ரைட் போன்றவற்றில் எழுதியது என்றால் லிப்ரேஆபீஸில் திறந்து பாருங்கள், பழைய மாக் வடிவங்கள் பலவற்றை அது படிக்கும். எழுத்துருப் பெயர் பெட்டியில் எந்தப் பெயர் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்த வகை என்றால் மாற்றிகள் தயாராக இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்.எச்.எம். கன்வர்ட்டர், நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு. பெயரே தெரியாத வகை என்றால் கையால்தான் அட்டவணை போட வேண்டும். நான் அழித்துவிட்ட அந்த எழுத்துருவுக்கு அப்படித்தான் செய்தேன். கவிதைத் தொகுப்பின் அச்சுப்படி ஒன்று கிடைத்தது. முதல் பக்கத்தை மேஜையில் வைத்துக்கொண்டு, கோப்பின் முதல் பைட் எண்ணுக்கு நேராக முதல் எழுத்து, இரண்டாவது எண்ணுக்கு நேராக இரண்டாவது என்று பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். எட்டு பிட் எழுத்துருவில் 256க்கு மேல் இடங்கள் இருக்க முடியாது. மூன்றாம் பக்கம் முடிவதற்குள் அட்டவணையில் பெரும்பகுதி நிரம்பிவிட்டது. கடைசிவரை அடம் பிடித்தவை ஙகரமும் சில கிரந்த எழுத்துகளும்தான். உங்கள் அப்பாவின் இதழ்கள் அச்சில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். எழுத்துரு கிடைக்காமல் போனால் அவைதான் திறவுகோல்.

மாற்றிய பிறகு வரும் பிழைகளில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. ‘கொ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன் பின் ஒகரக் குறி. மாற்றி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். தடுக்கி விழும் இடம் ஔகாரம். பாமினி உட்படப் பல எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே எண். ஆகவே கொம்பு, வ, ள என்று வந்தால் அது ‘வெள’வா, ‘வௌ’வா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்றும், ‘தெளிவு’ என்பது ‘தௌிவு’ என்றும் இணையத்தில் நிறைந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். மறுபக்கம், ‘கௌரவம்’ மூன்று துண்டாகப் பிரிந்து ‘கெளரவம்’ ஆகும். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது. மாற்றியதும் முதல் வேலையாக ஔகாரம் வரும் எல்லா இடங்களையும் தேடிப் பாருங்கள். தமிழில் மௌனம், பௌர்ணமி, சௌகரியம், ஔவையார் என்று ஔகாரச் சொற்கள் குறைவு. ஒரு மாலைப் பொழுதில் சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது, தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். பாமினி வகையில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஒரே எண்கள்தான், எந்த எழுத்துரு என்பது மட்டுமே வேறுபாடு. வடிவமைப்பு இல்லாத வெறும் உரையாக எடுத்து மாற்றினால் ஐ.பி.எம். என்ற பெயரின் மூன்று பெரிய எழுத்துகளும் ‘ஐடீஆ’ என்று வந்து நிற்கும். ஆங்கிலக் காற்புள்ளி ஒவ்வொன்றும் ‘இ’ ஆகும். எனவே எழுத்துருத் தகவல் இருக்கும் வடிவத்திலேயே வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்துரு போட்ட பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். வரி முறிவு சின்ன விஷயம். பழைய மாக் வரி முடிவுக்கு 13 என்ற எண்ணை மட்டும் போடும், விண்டோஸ் 13, 10 இரண்டையும் போடும். பழைய நோட்பேடில் கட்டுரை முழுவதும் ஒரே வரியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 2018க்குப் பிறகான நோட்பேடு இதைச் சரியாகக் காட்டுகிறது.

இதழ்கள் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டிருந்தால் வேலை கூடும். லிப்ரேஆபீஸ் அவற்றைத் திறக்க முயலும். பக்க வடிவம் ஓரளவு வரலாம், உரை முழுதாக வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நான் நம்பும் வழி, பசிலிஸ்க் போன்ற மென்பொருளால் விண்டோஸுக்குள்ளேயே ஒரு பழைய மாக்கை எழுப்பி, அதில் பேஜ்மேக்கரையும் அந்த எழுத்துருவையும் நிறுவி, ஒவ்வொரு கட்டுரையாக உரையை ஏற்றுமதி செய்வது. பக்கத்தைத் திரையில் அப்பா பார்த்தபடியே பார்த்து, மாற்றிய யூனிகோட் உரையுடன் ஒப்பிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. பொறுமை வேண்டும், அந்தக் கால மென்பொருளின் நகலும் வேண்டும்.

டிஸ்குகள் படிக்குமா என்பதைப் பற்றி நான் எந்த வாக்குறுதியும் தர முடியாது. ஒரே பெட்டியில் இருந்த பத்து டிஸ்குகளில் ஒன்பது புதிது போலப் படித்ததையும் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடப் படிக்காததையும் பார்த்திருக்கிறேன். இதழ்களின் அச்சுப்படிகள் முழுமையாக இருந்து, உங்களுக்கு வேண்டியது அவற்றின் உரை மட்டும்தான் என்றால், ஸ்கேன் செய்து டெசராக்ட் போன்ற எழுத்துணரியால் படிக்கவைத்து மெய்ப்புப் பார்ப்பது விரைவாகவே முடியும். அச்சேறாத கடிதங்களும், கைவிட்ட கட்டுரைகளும், அப்பா திருத்துவதற்கு முந்தைய வடிவங்களும் அந்த டிஸ்குகளில் மட்டுமே இருக்கும். என் அனுபவத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் அப்படி ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. அதற்காக இந்த வழியையும் கைவிட வேண்டாம் என்பேன்.

லேபிளில் ‘நகல்’ என்றோ, இருமுறை வரும் இதழ் எண்ணோ எழுதிய டிஸ்க் ஏதாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கை பழகிய பிறகு மற்றவை. முதல் பிம்பம் எடுத்ததும், துளைகள் எத்தனை, பிம்பத்தின் அளவு எவ்வளவு, ஒரு கட்டுரையின் முதல் இருபது பைட்டுகளின் எண்கள் என்ன, அதே கட்டுரை அச்சில் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று எழுதுங்கள். எந்த எழுத்துரு வகை என்று அதிலிருந்து சொல்ல முயல்கிறேன்.